பேருந்துகள் வேகம் குறைக்கும் இடம்

என் கணவர் லெயோபார்தோ விழுந்து செத்த இடத்தில் ஒரு கம்பம்கூடக் கிடையாது. நடந்த அத்தனை கோளாறுக்கும் அதுதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அவர் ரொட்டி போடுகிறவர். விடிந்ததும் பேக்கரியில் கூடையை நிரப்பித் தலையில் ஏற்றிக்கொள்வார். ஒரு கையால் கூடையைப் பிடித்து, மறு கையால் சைக்கிளை ஓட்டி, சான் தெல்மோ சாலை நெடுக உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே போவார். மழையைத் தவிர அவருக்கு எதிலும் பயமில்லை. அதுவும் தான் நனைவதற்காக அல்ல, ரொட்டி நனைந்துவிடுமே என்றுதான். ஒரு வியாழக்கிழமை காலையில் ஒரு பேருந்து அவரைப் பின்னாலிருந்து அடித்தது.

நான் சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள், போனேன். அங்கிருந்து பிணவறைக்குப் போகச் சொன்னார்கள், போனேன். சாலைக்கு மட்டும் நான் போகவில்லை. வீடு திரும்பியபோது கூடையை யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே ஒரு ரொட்டிகூட இல்லை. அதற்காக யாரையும் திட்டமாட்டேன். சூடான ரொட்டி நடுச்சாலையில் கிடந்தால் எங்கள் இஸ்தபலாபா பகுதியில் யார்தான் விட்டுவைப்பார்கள்?

அடக்கம் முடிந்த மறுநாள் ஹிமேனா என்றொரு பெண் வந்தாள். ஏதோ கட்டட ஆபீசில் படம் வரைகிற வேலை, காதில் நாலு வளையம், கணுக்காலில் சைக்கிள் கிரீஸ். அவளும் அவள் கூட்டாளிகளும்தான் இந்த நகரத்தின் வெள்ளைச் சைக்கிள்காரர்கள். சைக்கிளில் போய் அடிபட்டுச் சாகிறவர்களுக்காக ஒரு பழைய சைக்கிளுக்கு மணியிலிருந்து டயர் வரை வெள்ளை அடித்து, செத்த இடத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். எங்கள் பகுதியிலேயே அப்படி நாலைந்து நிற்கின்றன.

"உங்களுக்குச் சம்மதம்னா நாளைக்கே வெச்சிடறோம், செனோரா."

"வெச்சா என்ன ஆகும்?"

"பாக்கறவங்க கொஞ்சம் யோசிப்பாங்க."

"பஸ் ஓட்டறவனும் யோசிப்பானா?"

அவள் கொஞ்சம் தயங்கி, "சில பேர்" என்றாள். பொய் சொல்லாததால் அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. சரி என்றேன்.

மருந்துக்கடை முனையில், விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். லெயோபார்தோவின் பெயரை ஒரு பலகையில் எழுதி மாட்டினார்கள். நான் பூ வைத்தேன். அங்கேதான் அவர் விழுந்தார் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன்? வெள்ளைச் சைக்கிள் நிற்கிற இடம் சாவு நடந்த இடம் என்று ஊருக்கே தெரியும்.

சாலையில் செத்தவர்களுக்கு அடக்கத்தோடு வேலை முடிவதில்லை. உடம்பு வீட்டுக்கு வந்துவிடும், நிழல் வராது. அது விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஒன்பது நாள் ஜெபம் முடிவதற்குள் வீட்டார் போய் அதை எழுப்பிக் கூட்டிவர வேண்டும். எங்கள் தெருவில் அந்த ஜெபம் தெரிந்தவர் தோன் ஃபிலெமோன். மற்ற நாளில் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்வார். கல்யாணமாகிப் போய்விட்ட என் மகளுக்கு ஞானத்தந்தை என்பதால் என்னைக் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவார், நான் அவரைக் 'கொம்பாத்ரே' என்பேன். இந்த ஊரில் கூடப்பிறந்தவர்களைவிட நெருக்கமான உறவு அது.

வெள்ளைச் சைக்கிளின் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். தோன் ஃபிலெமோன் ஜெபம் சொன்னார். நான் லெயோபார்தோவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, செண்டுப்பூக் கொத்தால் அந்த இடத்துத் தூசியைக் கூட்டி வெள்ளைத் துணியில் அள்ளினேன். முடிச்சுப் போட்டு மார்போடு அணைத்து, வழியில் யாரோடும் பேசாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தூசி தூசியாகத்தான் இருந்தது. நிழல் ஏறிய துணி கனக்கும் என்பார்கள். இது கைக்குட்டை அளவுகூடக் கனக்கவில்லை.

"கனக்கவே இல்லையே, கொம்பாத்ரே."

"ஆள் ஒல்லிதானே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சில பேரு லேசா வருவாங்க" என்று முணுமுணுத்தார். மறுநாள் அந்தத் தூசியைக் கல்லறையில் போட்டுவிட்டோம்.

அவர் வரவில்லை என்று எனக்குத் தெரியும். படத்துக்கு முன்னால் வைத்த தண்ணீர் ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. தாகத்தோடு வருகிறவர்கள் குடிப்பார்கள், எல்லா வீட்டிலும் குடிக்கிறார்கள். எங்கள் வீட்டில் தம்ளர் நிறைந்தபடியே இருந்தது, தூசிதான் மிதந்தது. கட்டிலில் அவர் பக்கம் சும்மா காலியாக இருந்தது. செத்தவர் வீட்டில் இருப்பது ஒரு காலி, இல்லாமலிருப்பது வேறொரு காலி. அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூ மாற்றப் போவேன். போனால் மருந்துக்கடைப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன். சான் தெல்மோவில் பேருந்துகளுக்கென்று தனித்தடம் உண்டு, ஓரத்தில் மஞ்சள் குமிழ்கள் பதித்து ஒதுக்கியது. அதில் அவர்கள் ஓட்டுகிற ஓட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் மருந்துக்கடையைத் தாண்டி, மேம்பாலம் வருவதற்குள், நடுவில் ஓரிடத்தில் எல்லாப் பேருந்தும் வேகம் குறைத்தன. சிக்னல் இல்லை, நிறுத்தம் இல்லை, குழிகூட இல்லை. ஒன்று ஹாரன் அடித்தது. இன்னொன்று கிட்டத்தட்ட நின்றே போய், பிறகு ஒதுங்கிப் போவதுபோல் இடப்பக்கம் வளைந்து போயிற்று. எதிரே யாருமே இல்லை.

அடுத்த வாரம் அந்தத் தடத்தில் போகிற ஒரு பேருந்தில் ஏறினேன். பெண்களுக்கு முன்பகுதி என்பதால் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். மீசை நரைத்த மனுஷன், பெயர் சில்வேரியோ என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அந்த இடம் நெருங்கியதும் பயணிகள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். முட்டை வாங்கிவந்த ஒரு பெண் அட்டையைத் தூக்கி மடியில் இறுக்கிக்கொண்டாள். பேருந்து மெதுவாகியது. சில்வேரியோ நெற்றியில் சிலுவை போட்டார்.

"இங்க எதுக்கு மெதுவாப் போறீங்க?"

"சும்மாதான், செனோரா."

"எல்லா பஸ்ஸுமா சும்மா மெதுவாப் போகுது?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சொன்னா பைத்தியம்னு சொல்லுவீங்க. ஒருத்தர் சைக்கிள்ல போயிட்டு இருக்காரு. தலையில கூடை. நாங்க எல்லாருமே பாத்திருக்கோம். பிரேக்க அழுத்தினா ஆளக் காணோம். அடுத்த டிரிப்ல மறுபடி அதே இடத்துல போயிட்டு இருப்பாரு."

நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மொதல்ல ஆபீஸ்ல சொன்னோம்" என்று அவர் தொடர்ந்தார். "குடிச்சிட்டு ஓட்டறீங்களான்னு ஊதச் சொன்னாங்க. அதுக்கப்புறம் யாரும் வாயத் திறக்கறதில்ல. நீங்க ஏன் அழறீங்க, செனோரா?"

"அது என் வீட்டுக்காரர்" என்றேன்.

சில்வேரியோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் இறங்குகிற வரைக்கும் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

ஹிமேனாவுக்குப் போன் செய்து கத்தினேன். அவள் ஓடி வந்தாள். கேட்டதற்கு உண்மையைச் சொன்னாள்.

"அவர் விழுந்தது பஸ் தடத்துல, செனோரா. நடுச்சாலை. அங்க பூட்ட ஒரு கம்பம், ஒரு கம்பி எதுவும் இல்ல. பூட்டாம வெச்சா மறுநாளே பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போயிடுவான். அதனாலதான் கிட்ட இருந்த கம்பத்துல... எங்களுக்கு அது அடையாளம்தானே, கொஞ்சம் தள்ளியிருந்தா என்னன்னு நெனச்சோம்."

"உனக்கு அடையாளம். எனக்கு விலாசம்" என்றேன். "தப்பான வீட்டுக் கதவத் தட்டிட்டு ஆள் வரலையேன்னு உக்காந்திருக்கேன்."

அவள் நிழலையெல்லாம் நம்புகிறவள் இல்லை. இருந்தாலும் அழுதாள். அழுதுகொண்டே இன்னொன்றும் சொன்னாள். அந்த இடத்தில் ஒரு வேகத்தடை போடுங்கள், சைக்கிளுக்கு ஒரு தனி வழி விடுங்கள் என்று அவர்கள் மனுமேல் மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள்காரர்கள் ஏன் பேருந்துத் தடத்தில் போகிறார்கள் என்றால், கார்களுக்கு நடுவில் போனால் இன்னும் சீக்கிரம் சாவார்கள், அதனால்தான். போக்குவரத்து ஆபீசிலிருந்து போன வாரம் பதில் வந்திருந்ததாம்: கடந்த சில மாதங்களாக அந்தப் பகுதியில் விபத்து எதுவும் இல்லை, ஆகவே வேகத்தடை தேவையில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே சிரித்தேன், ஹிமேனா பயந்துபோய்ப் பார்த்தாள். என் புருஷனைச் சம்பளம் இல்லாமல் வேகத்தடையாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் தலையில் கூடையோடு அந்த மனுஷன் மிதித்துக்கொண்டே இருக்கிறார். வேகத்தடைதான் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்கிறது ஆபீஸ்.

"அவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

ஹிமேனா வாயைத் திறந்து எதையோ சொல்ல வந்து மூடிக்கொண்டாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாததுபோல் இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிறு காலையில் ஹிமேனாவின் ஆட்கள் குறுக்கே சைக்கிள்களை நிறுத்திப் பேருந்துகளை மறித்தார்கள். ஓட்டுநர்கள் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. ஒன்பது நாள் தாண்டிவிட்டாலும் பரவாயில்லை என்று தோன் ஃபிலெமோன் நடுத்தடத்தில் முழங்கால் போட்டு ஜெபம் சொன்னார். நான் தாரில் பூக்கொத்தை வைத்துக் கூட்டியபடி, "லெயோபார்தோ, எழுந்திருங்க, வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போகலாம்" என்று கூப்பிட்டேன். துணியை முடிந்து தூக்கினேன். கை இறங்கியது. ஒரு பெரிய கூடை ரொட்டியின் கனம் இருந்தது. தோன் ஃபிலெமோன் ஒரு பக்கம் பிடிக்க வந்தார், விடமாட்டேன் என்று தலையாட்டினேன். வீடு வரைக்கும் நானேதான் சுமந்தேன்.

அன்று சாயங்காலம் தம்ளரில் தண்ணீர் பாதி குறைந்திருந்தது.

துணியை மறுநாள் கல்லறையில் சேர்த்துவிட வேண்டும் என்பது முறை. நான் சேர்க்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். தோன் ஃபிலெமோன் கேட்டபோது காய்ச்சல் என்றேன், மழை என்றேன். உண்மை என்னவென்றால், எனக்கு மனசு வரவில்லை. காலையில் எழுந்தால் அடுக்களையில் ஈஸ்ட்டும் சுட்ட மாவும் கலந்த வாசனை வந்தது. கட்டிலில் அவர் பக்கம் குளிராமல் இருந்தது. சலவைக்கடையில் நடந்த வம்புகளையெல்லாம் அவரிடம் சொன்னேன். உயிரோடு இருந்தபோது இவ்வளவு பொறுமையாகக் கேட்டதே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பேருந்தில் போகும்போது மட்டும் அந்த இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். மூடினாலும் தெரிந்தது. பேருந்து வேகம் குறைக்காமல் போயிற்று. முதலில் சில நாள் பழக்கத்தில் ஓட்டுநர்கள் பிரேக்கில் கால் வைத்தார்கள். பிறகு அதுவும் நின்றது. பயணிகள் கம்பியைப் பிடிப்பதை மறந்தார்கள். பேருந்து பறந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் ஊரியேல் செத்தான்.

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பையன், இருபத்திரண்டு வயது. முதுகில் சதுரப் பெட்டியோடு அதே தடத்தில், அதே இடத்தில் பின்னாலிருந்து அடிபட்டான். சலவைக்கடைக்குத் துணி எடுக்க வந்த ஒருத்தி சொன்னாள். நான் இஸ்திரிப்பெட்டியைச் சட்டைமேல் வைத்தபடியே நின்றிருக்கிறேன். புகை வந்த பிறகுதான் முதலாளியம்மா கத்தினாள். சட்டையில் விழுந்த ஓட்டையை நான் மறைக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். இரண்டு நாள் கழித்துச் சில்வேரியோவின் பேருந்தில் ஏறினேன். அந்த இடம் வந்ததும் அவர் பிரேக்கை அழுத்தினார், பேருந்து மெதுவாகியது.

"மறுபடியுமா?" என்றேன்.

"கூடை இல்ல, செனோரா. இது வேற. முதுகுல பெட்டி. சின்னப் பையன்."

எனக்கு முதலில் வந்த நினைப்பு இதுதான்: அப்பாடா, இனிமேல் லெயோபார்தோ வீட்டிலேயே இருக்கலாம். அந்த நினைப்பு வந்த மண்டையை நானே அடித்துக்கொள்ளலாம், ஆனால் வந்தது வந்ததுதான். அந்த இடத்துக்கு ஆள் வந்துவிட்டது. பேருந்துகள் மெதுவாகப் போகும். யாரும் சாகமாட்டார்கள். என் புருஷன் என் வீட்டில்.

மறுநாள் ஹிமேனா ஒரு அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தோன்யா எவுசேபியா, ஊரியேலின் தாய். என் வயதுதான் இருக்கும். மகனின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள், கை நீளமாகத் தொங்கியது. அவனுக்கான வெள்ளைச் சைக்கிளையும் மருந்துக்கடைக் கம்பத்தில்தான் பூட்டியிருந்தார்கள், லெயோபார்தோவின் சைக்கிளுக்குப் பக்கத்தில்.

"உங்க வீட்டுக்காரர நல்லபடியா எழுப்பிட்டு வந்துட்டீங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு" என்றாள் எவுசேபியா. "என் பையனையும் எழுப்பணும். அந்தச் சைக்கிள் நிக்குதே, அந்த இடம்தானே?"

ஹிமேனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எவுசேபியா மருந்துக்கடை முனையில் வெறும் தூசியை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அவள் பையன் தடத்திலேயே மிதித்துக்கொண்டிருப்பான். என் அடுக்களையில் ரொட்டி வாசனை நிற்கும். ஒரே ஒரு சொல்தான்.

"தண்ணி வெச்சிருக்கீங்களா அவனுக்கு?" என்று கேட்டேன்.

"வெச்சிருக்கேன். குடிக்கவே மாட்டேங்கறான்" என்றாள். "சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், தண்ணியே குடிக்க மாட்டான், அதட்டணும். இப்ப அதட்டவும் ஆளில்லாம எங்கயோ..." மேலே சொல்ல முடியாமல் ஜாக்கெட் கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அந்தச் சைக்கிள் நிக்கற இடம் இல்ல" என்றேன். "இன்னும் தள்ளி. நடுத்தடத்துல. நான் வந்து காட்டறேன்."

அவர்கள் போன பிறகு அடுக்களையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பையனை எழுப்பிவிட்டால் தடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். பேருந்துகள் மறுபடி பறக்கும். அடுத்து இன்னொரு தாய் இன்னொரு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வருவாள். ஆபீஸ்காரன் மனுவைப் படிப்பதற்குள் எத்தனை வெள்ளைச் சைக்கிளை அந்தக் கம்பம் தாங்கும்? துணிமுடிச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான், நான் ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்ட விஷயங்களில் வாயே திறக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஹிமேனாவின் ஆட்கள் மறித்தார்கள், பேருந்துகள் நின்றன. நான் இடத்தைக் காட்டினேன். எவுசேபியா தாரில் மண்டியிட்டு, "ஊரியேல், எழுந்திருடா, சாப்பாடெல்லாம் ஆறிப்போச்சு, வா" என்று கூப்பிட்டாள். முடிச்சைத் தூக்கும்போது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். வந்துவிட்டான். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல், நடைபாதைப் பக்கம் போனாள்.

தோன் ஃபிலெமோன் எழுந்து முழங்காலைத் தட்டினார். நான் போகாமல் நிற்பதைப் பார்த்தார். பிறகு என் சால்வைக்குள்ளிருந்து நான் எடுத்ததைப் பார்த்தார்.

"கல்லறையில போடலையா அத?"

"போடல, கொம்பாத்ரே."

"இப்ப என்ன பண்ணப் போற?"

"ஷிஃப்ட் மாத்தறேன்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "கொமாத்ரே, எழுப்பத்தான் ஜெபம் இருக்கு. திரும்ப விடறதுக்கு ஒரு ஜெபமும் கிடையாது. அது பாவம்."

"ஜெபம் வேணாம். நானே பேசிக்கறேன்."

மண்டியிட்டேன். தார் ஈரமாக இருந்தது. முடிச்சு லேசில் அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன். பின்னால் வரிசையாகப் பேருந்துகள் உறுமிக்கொண்டு நின்றன. யாரும் அவசரப்படுத்தவில்லை. துணியை விரித்து உதறினேன்.

"கோவிச்சுக்காதீங்க" என்றேன். "அந்தப் பையன அவங்கம்மா கூட்டிட்டுப் போயிட்டா. இங்க ஆளில்ல. ஆபீஸ்ல வேகத்தடை போடற வரைக்கும் தினம் போய்க் கத்தறேன், ஹிமேனாவும் கத்துவா. அதுவரைக்கும் நீங்க பாத்துக்கங்க. வேற யார நான் கேப்பேன்?"

துணி லேசாகிவிட்டது. மடித்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டேன். தோன் ஃபிலெமோன் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பாவம் என்று மறுபடி சொல்லவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினார்.

மருந்துக்கடை நிறுத்தத்தில் பேருந்து ஏறினேன். சில்வேரியோதான் ஓட்டினார். முன்னால் நின்றுகொண்டேன். அந்த இடம் வந்தது. பேருந்து மெதுவாகியது. முன்கண்ணாடி வழியே கண் வலிக்கப் பார்த்தேன். ஈரச் சாலைதான் தெரிந்தது. ஊரில் பேருந்து ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற மனுஷன் எனக்கு ஒரு தடவைகூடத் தெரிந்ததில்லை.

"அவர்தானா?" என்று கேட்டேன்.

சில்வேரியோ தலையாட்டினார். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"எப்படி இருக்காரு?"

"முதுகுதான் தெரியுது, செனோரா. திரும்பவே மாட்டாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூடையக் கெட்டியாப் பிடிச்சிட்டு இருக்காரு" என்றார்.

நான் தலையசைத்தேன். மேம்பாலத்துக்கு அப்பால் இறங்கி, போக்குவரத்து ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது, நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று போலீஸ்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.